மருந்தாளர் யோசனைக்குக் கூலி யார் கொடுப்பது?

உடம்புக்கு முடியாமற் போனால் நம்மவர் முதலில் ஏறுகிற படி எது? பிறையிலும் அதைச் சுற்றியுள்ள தோட்டங்களிலும் பத்து நாள் கண்ணைத் திறந்துகொண்டு திரிந்தவன் எவனும் இதற்கு விடை சொல்லிவிடுவான். வைத்தியர் வீட்டுப் படியன்று, சர்க்கார் ஆஸ்பத்திரிப் படியுமன்று, மருந்துக்கடைப் படியேயாகும். வேலை முடிந்து, குளித்து, மோட்டார் சைக்கிளில் மனைவியைப் பின்னால் ஏற்றிக்கொண்டு இரவு எட்டு மணிக்குப் பட்டணம் வருகிற தொழிலாளிக்கு, அந்நேரத்தில் திறந்திருப்பதும், சீட்டு வாங்காமல் நுழையக் கூடியதும், "என்ன செய்கிறது?" என்று கேட்க ஓர் ஆள் நிற்பதும் அந்த ஓரிடந்தான். அங்கே வெள்ளைச் சட்டையணிந்து நிற்கும் மருந்தாளர், அவன் பையிலிருந்து எடுத்துக் காட்டும் மாத்திரை அட்டைகளைத் திருப்பித் திருப்பிப் பார்த்து, "இதையும் இதையும் சேர்த்துச் சாப்பிடாதீர், காலில் இருக்கும் இந்தப் புண் எத்தனை நாளாக இருக்கிறது? நாளைக் காலையிலேயே ஆஸ்பத்திரிக்குப் போய்விடும்" என்கிறார். இந்த இரண்டு நிமிஷப் பேச்சினால் எத்தனை கால்கள் வெட்டுப்படாமல் தப்பின என்று கணக்கெடுத்தவர் இலர். கணக்கெடுக்காமைக்குக் காரணமும் உண்டு. கூலி கொடுக்கப்படாத வேலைக்குக் கணக்கு வைக்கும் வழக்கம் நம் நாட்டில் இல்லை.

நான் தோட்டத்துக் கிராணி. மாதக் கடைசியில் செக்ரோலைக் கூட்டி, ஒவ்வோர் ஆளின் சம்பளத்திலிருந்தும் சொக்சோ சந்தாவைப் பிடித்து, அதனுடன் முதலாளியின் பங்கையும் சேர்த்து அனுப்புவது என் வேலை. ஆகவே, ஏழையின் நோய்க்கென்று இந்நாட்டில் எங்கெங்கே பணம் ஒதுக்கப்படுகிறது, அது எவரெவர் கைக்குப் போய்ச் சேருகிறது என்பதை ஓரளவு காகிதத்தில் பார்த்தறியும் வாய்ப்பு எனக்கு உண்டு. 1969ஆம் ஆண்டுச் சட்டத்தினால் பிறந்த சொக்சோ, வேலையில் அடிபட்டவனுக்கு வைத்தியச் செலவு கொடுக்கிறது. 2013 முதல், நாற்பது வயது நிரம்பிய சந்தாதாரர்களுக்கு இலவச உடற்பரிசோதனைக்குச் சீட்டு வழங்கத் தொடங்கிற்று. 2019இல் தொடங்கப்பெற்ற பெக்கா பி40 திட்டம், சர்க்காரின் உதவித்தொகை பெறும் நாற்பது வயதுக்கு மேற்பட்ட ஏழைகளுக்கு இதே பரிசோதனையைச் செய்துவைக்கிறது. 2023 ஜூன் மாதத்தில் முதலில் 10 மாவட்டங்களில் ஆரம்பமான மடானி வைத்தியத் திட்டம், காய்ச்சல் இருமல் போன்றவற்றுக்குத் தனியார் கிளினிக்குகளில் இலவசமாக வைத்தியம் பெற, குடும்பமொன்றுக்கு வருஷத்துக்கு 250 வெள்ளி வரை என்று வரம்பு கட்டிற்று. இவை யாவும் நல்ல காரியங்களே. குறைகூற நான் வரவில்லை. ஆனால் இத்தனை திட்டங்களின் ஏடுகளையும் புரட்டிப் பாருங்கள்: வைத்தியர் உண்டு, பரிசோதனைச்சாலை உண்டு, ஆஸ்பத்திரி உண்டு. மருந்தாளர் தரும் யோசனைக்கும் கவனிப்புக்கும் மட்டும் ஒரு சென்னும் இல்லை. 'சாரா' உதவிப் பணத்தைக் கொண்டு அரிசி, பிஸ்கட்டு, சோப்பு ஆகியவற்றோடு மருந்தும் வாங்கலாமாம். மருந்தை வாங்கலாம், அதை எப்படிச் சாப்பிடுவது என்று சொல்லும் அறிவை வாங்கக் கூடாது! என்னே இவர்கள் கணக்கு!

இதனால் விளையும் கேட்டைச் சற்று விரித்துச் சொல்லவேண்டும். 2019ஆம் ஆண்டுத் தேசிய சுகாதார ஆய்வின்படி, இந்நாட்டு இந்திய வம்சத்தவருள் வயது வந்தோரில் நூற்றுக்கு 31 பேருக்கு இனிப்பு நீர் வியாதி இருந்தது. நாட்டின் பொதுக் கணக்கோ நூற்றுக்கு 18 தான். 2023ஆம் ஆண்டு ஆய்வில் பொதுக் கணக்கு 15.6 ஆகக் குறைந்து காணப்பட்டது. எனினும் நோயுள்ளவருள் ஐந்தில் இருவர் தமக்கு நோயிருப்பதையே அறியாதிருந்தனர். இரத்தக் கொதிப்போ நூற்றுக்கு 29 பேரைப் பிடித்திருந்தது. அறியாதவனுக்கு அறிவிக்கவே இலவசப் பரிசோதனை வந்தது, சரி. அறிந்த பிறகு? "உமக்கு இனிப்பு நீர் இருக்கிறது" என்று எழுதிய காகிதத்தைக் கையில் கொடுத்ததோடு சீட்டின் பயன் முடிந்துவிடுகிறது. அதற்கப்பால் அவன் சர்க்கார் கிளினிக்கின் வரிசையில் போய் நிற்கவேண்டும். நின்றானா, மாத்திரையை வாங்கினானா, வாங்கியதைச் சாப்பிட்டானா, அல்லது வாந்தி வருகிறதென்று மூன்றாம் நாளே அலமாரியில் போட்டுவிட்டானா என்று கேட்பார் எவருமில்லை. பத்து வருஷம் கழித்து அவன் சிறுநீரகம் கெட்டுப்போன பின்னர், அதே சொக்சோ, தகுதி பெற்றவனாயின், இரத்தம் சுத்திசெய்யும் செலவை ஏற்றுக்கொள்கிறது. வாரத்துக்கு மூன்று முறை; வருஷத்துக்கு 156 முறை. நோயைக் கண்டுபிடிக்கும் முதல் நாளுக்குப் பணம் உண்டு. உறுப்பு அழிந்த கடைசி நாட்களுக்கும் பணம் உண்டு. இடையிலுள்ள பத்து வருஷத்துக்கு மாத்திரம் மனிதன் அநாதை.

"ஏன், சர்க்கார் கிளினிக்கில் ஒரு வெள்ளிக்கு வைத்தியமும் மருந்தும் கிடைக்கின்றனவே!" என்று பட்டணத்துப் படித்தவர் சிலர் கேட்பர். அந்த ஒரு வெள்ளியின் உண்மையான விலையைச் செக்ரோல் வைத்திருப்பவனைக் கேளுங்கள். 2025இல் நிர்ணயிக்கப்பட்ட குறைந்தபட்சச் சம்பளம் மாதத்துக்கு 1,700 வெள்ளி. அதை 26 நாளால் வகுத்தால் நாளொன்றுக்கு 65 வெள்ளி 38 சென். நெடுநாள் நோய்க்காரனுக்குப் பல மாதங்களுக்கென்று மருந்து எழுதிக்கொடுத்தாலும், மாதாமாதம் பங்கு பங்காகவே மருந்தைக் கையில் கொடுப்பது வழக்கம். அந்த மருந்தை வாங்கப் போகிற நாள் நோய் நாளாகாது, ஆகையால் எம்.சி.யும் கிடையாது. காலை பெரட்டுக்கு வராதவனுக்கு நான் ஆப்சென்ட் போடத்தான் வேண்டும். வாங்கியது ஒரு வெள்ளி மருந்து. விட்டது 65 வெள்ளிக் கூலி. போக வர வண்டிச் செலவு வேறு. இரண்டு மாதம் இப்படிப் போனவன் மூன்றாம் மாதம் போகமாட்டான். எங்கள் லயத்தில் ஓர் அம்மாள், இரத்தக் கொதிப்பு மாத்திரையை ஒருநாள் விட்டு ஒருநாள் சாப்பிட்டு ஒரு மாத மருந்தை இரண்டு மாதத்துக்கு ஓட்டிக்கொண்டிருந்தார். சிக்கனமாம்! அதைக் கண்டுபிடித்துக் கடிந்து சொன்னவர் மருந்துக்கடைக்காரரே. அவருக்கு அன்று விற்பனை ஒரு டப்பி தைலம். மருந்தைத் தபாலில் அனுப்புதல், வேறொரு சர்க்கார் மருந்தகத்தில் பெற்றுக்கொள்ளுதல் முதலிய ஏற்பாடுகளை அமைச்சு செய்திருக்கிறது என்பதையும் மறைக்கவில்லை. தபால்காரர் மாத்திரையைக் கொண்டுவருவார். வாந்தி வருகிறதா என்று கேட்கமாட்டார்.

நிற்க. மருந்தாளர் வைத்தியரல்லரே, அவரிடம் ஏழையை ஒப்படைக்கலாமா என்று கேட்கிறார்கள். இக்கேள்வியைக் கேட்பதற்கு இந்த நாட்டில் எவருக்காவது யோக்கியதை இல்லையென்றால், அது தோட்டத் தமிழனை வைத்து ஆண்டவர்களுக்கே இல்லை. சரித்திரத்தைப் பார்ப்போம். வெல்லெஸ்லி மாகாணமென்று அக்காலத்தில் பெயர்பெற்றிருந்த இதே கரையில், பத்தொன்பதாம் நூற்றாண்டிலேயே கரும்புத் தோட்டங்களுக்காக நம் முன்னோர் கொண்டுவரப்பட்டனர். மலேரியாவும் வயிற்றுக்கடுப்பும் அவர்களை வாரிக்கொண்டு போயின. ஆள் செத்தால் முதலுக்கு நஷ்டம் என்பது தெரிந்த பிறகே, தோட்டங்கள் ஆஸ்பத்திரி வைக்கவேண்டுமென்று தொழிலாளர் சட்டங்கள் வந்தன. ஆஸ்பத்திரி வந்தது, வைத்தியர் வந்தாரா? அவர் பல தோட்டங்களுக்கு ஒருவராகக் காரில் வந்து, புத்தகத்தில் கையெழுத்திட்டுவிட்டுப் போனார். மற்ற நாட்களிலெல்லாம் காய்ச்சலைப் பார்த்ததும், கொயினா கொடுத்ததும், புண்ணைக் கழுவிக் கட்டியதும், பிரசவத்துக்கு ஓடியதும் யார்? டிரஸ்ஸர்! லயத்து ஜனங்கள் அவரையே டாக்டர் என்று அழைத்தனர். சுதந்திரத்துக்குப் பின் 1965இல் தோட்ட ஆஸ்பத்திரி உதவியாளர்களைப் பதிவுசெய்யத் தனிச் சட்டமே இயற்றப்பட்டது. அதாவது, வைத்தியரல்லாத ஒருவர், வைத்தியரின் மேற்பார்வையின் கீழ், தோட்டத்து மனிதனுக்கு முதல் வைத்தியம் செய்யலாம் என்பதைத் துரைமாரும், சர்க்காரும், வைத்தியச் சங்கத்தாரும் ஒரு நூற்றாண்டு முழுவதும் ஒப்புக்கொண்டிருந்தனர். அதற்குரிய செலவைத் தொழிலாளி கொடுக்கவில்லை, தோட்டம் கொடுத்தது.

இன்று பால்மரம் போய்ச் செம்பனை வந்தது. பல தோட்டங்கள் துண்டாடப்பட்டு வீட்டு மனைகளாகவும் தொழிற்பேட்டைகளாகவும் மாறின. அன்று கரும்பு விளைந்த பத்து காவானில் இன்று தொழிற்சாலைகள் நிற்கின்றன. தோட்ட ஆஸ்பத்திரிக் கட்டடங்கள் பலவற்றில் இன்று பழைய சாமான் கிடக்கிறது. லயத்தை விட்டு வெளியேறிய தமிழன் பிறையிலும் புக்கிட் மெர்தாஜமிலும் அடுக்குவீடுகளில் குடியேறி, காவலாளியாகவும் லாரி ஓட்டுபவனாகவும் ஒப்பந்தக் கூலியாகவும் பிழைக்கிறான். பெரிய தொழிற்சாலையில் நிரந்தர வேலை உள்ளவனுக்குக் கம்பெனியின் கிளினிக் உண்டு. ஒப்பந்தக்காரனின் ஆளுக்கு அதுவும் இல்லை. டிரஸ்ஸரை இழந்த இவனுக்கு அவ்விடத்தில் யார் வந்தார்? ஒருவரையும் எவரும் நியமிக்கவில்லை. தானாகவே, சம்பளமில்லாமலே, அந்த இடத்தில் வந்து நின்றவர் மருந்தாளர். தோட்டத்து ஆளுக்கு டிரஸ்ஸர் போதும் என்று நூறு வருஷம் சொன்னவர்கள், நான்கு வருஷம் சர்வகலாசாலையில் படித்து, பயிற்சியும் முடித்துப் பதிவு பெற்ற மருந்தாளர் போதாது என்று இன்று சொல்லுவது எந்த ஊர் நியாயம்?

அவருடைய படிப்பைப் பற்றி ஒரு வார்த்தை. இந்த நாட்டிலேயே முதன்முதலாக மருந்தியல் கற்பிக்கத் தொடங்கியது நமக்கு எதிர்க்கரையிலுள்ள பினாங்கு அறிவியல் சர்வகலாசாலைதான், ஆண்டு 1972. பாலத்தின் இந்தப் பக்கம் நின்று பார்த்தால் தெரியும் தூரம். 1951ஆம் ஆண்டுச் சட்டம் மருந்தாளரைப் பதிவுசெய்கிறது. 1952ஆம் ஆண்டு விஷப்பொருட் சட்டம், வைத்தியர் சீட்டின்றிக் கொடுக்கக் கூடாத மருந்துகள் இவை, மருந்தாளர் தம் பொறுப்பிலேயே கொடுத்துப் புத்தகத்தில் பதிந்துவைக்கவேண்டிய மருந்துகள் இவை என்று பிரித்துவைத்திருக்கிறது. ஆகவே, 'தம் பொறுப்பில்' நோயாளியை விசாரித்து மருந்து கொடுக்கும் அதிகாரத்தைச் சட்டமே எழுபது வருஷத்துக்கு முன் அவருக்குக் கொடுத்துவிட்டது. இன்னும் கேளுங்கள்: சர்க்கார் ஆஸ்பத்திரிகளுக்குள்ளேயே 2004 முதல் மருந்தாளர்கள் தனியாக உட்கார்ந்து, இனிப்பு நீர்க்காரர்கள் மருந்தை ஒழுங்காக உட்கொள்ளுகிறார்களா என்று விசாரித்து வழிநடத்தும் சிகிச்சைப் பிரிவுகள் நடைபெறுகின்றன. ஆஸ்பத்திரிச் சுவருக்கு உள்ளே சர்க்கார் நம்பிச் சம்பளம் கொடுக்கிற அதே படிப்பு, சுவருக்கு வெளியே வந்தவுடன் வெறும் கடைச்சரக்காகிவிடுமோ?

வெளிநாட்டார் இவ்விஷயத்தில் நமக்கு முன்னே போய்விட்டனர். கனடாவில் ஒன்டாரியோ மாகாணத்தில், 2023 ஜனவரி முதல் தேதியிலிருந்து, மருந்தாளர்கள் 13 வகையான சில்லறை நோய்களுக்குத் தாமே விசாரித்து மருந்து எழுதலாம் என்று ஏற்பட்டது. அதே ஆண்டு அக்டோபரில் அது 19 வகையாக விரிந்தது. நோயாளி தன் சுகாதார அட்டையைக் காட்டினாற் போதும். நேரில் பார்த்ததற்கு 19 கனடிய டாலர் வீதம் மாகாண சர்க்கார் மருந்தகத்துக்குக் கொடுக்கிறது. இங்கிலாந்தில் 2024 ஜனவரி 31ஆம் தேதி, தொண்டைப் புண், காதுவலி, அக்கி முதலான ஏழு நோய்களுக்கு இதே ஏற்பாடு தொடங்கிற்று. விசாரணை ஒன்றுக்குத் தொடக்கத்தில் 15 பவுன். இதில் நாம் ஊன்றிக் கவனிக்கவேண்டியது யாதெனில், அந்தப் பணம் மருந்து விற்றதற்கல்ல, விசாரித்ததற்கு. "உமக்கு மருந்தே வேண்டாம், வெந்நீரில் உப்புப் போட்டுக் கொப்பளியும்" என்று சொல்லி அனுப்பினாலும் மருந்தாளருக்குக் கூலி உண்டு. எல்லாப் பெரிய நாடுகளும் இப்படி என்று மயங்கவும் வேண்டா. பணக்கார அமெரிக்காவில் 1965இல் ஏற்பட்ட மெடிகேர் என்னும் முதியோர் வைத்தியக் காப்பில், சிகிச்சை தருவோர் வரிசையில் மருந்தாளருக்கு இடமில்லை. அதற்காக அவர்கள் பல ஆண்டுகளாகச் சட்டசபைப் படியேறிக்கொண்டிருக்கிறார்கள்.

தாய்நாட்டையும் பார்த்துவிடுவோம். தமிழ்நாட்டில் 2009 முதல் சர்க்கார் வைத்தியக் காப்பு நடைபெறுகிறது. இப்போது குடும்பத்துக்கு வருஷம் ஐந்து லட்சம் ரூபாய் வரை. ஆனால் அது ஆஸ்பத்திரியில் படுத்தவனுக்கே. படுக்காமல் காப்பாற்றுகிற மாத்திரை அதற்குள் வராது என்று கண்டுதானே, 2021 ஆகஸ்டில் 'மக்களைத் தேடி மருத்துவம்' என்று ஊழியர்களை வீடு வீடாக அனுப்பி, இரத்தக் கொதிப்பையும் இனிப்பையும் சோதித்து மருந்து கொடுக்க ஏற்பாடு செய்தார்கள்? அங்கே மருந்தைச் சர்க்கார் வீட்டுக்குக் கொண்டுபோகிறது. இங்கே அவ்வளவு கூட வேண்டியதில்லை. தொழிலாளி ஏற்கெனவே போகிற கடையிலேயே அதைக் கொடுத்தாற் போதும் என்றுதான் கேட்கிறோம்.

"மருந்துக்கடைக்காரன் வியாபாரி; பணம் வருகிறதென்றால் வேண்டாத மருந்தையெல்லாம் தலையில் கட்டுவான்" என்பது எதிர்ப்பாளரின் பெரிய ஆயுதம். வியாபாரி என்பது உண்மை. அவன் வியாபாரியாக இருப்பது எதனாலே? யோசனைக்குக் கூலி இல்லை. பொருளுக்கே லாபம் என்று வைத்திருப்பதனாலே. மருந்தை விற்றால்தான் அடுப்பு எரியும் என்று ஒருவனை நிறுத்திவைத்துவிட்டு, அவன் விற்கிறான் என்று குற்றஞ்சாட்டுவது பேதைமை. இந்தக் குற்றச்சாட்டைச் சொல்லுகிற தனியார் வைத்தியரும் தம் கிளினிக் அலமாரியிலிருந்து தாமே மருந்து விற்பவர்தானே? அவரையும் நான் பழிக்கவில்லை. அவருடைய விசாரணைக் கட்டணத்தைப் 10 வெள்ளி முதல் 35 வெள்ளிக்குள் பல வருஷங்களாகச் சட்டம் கட்டிப்போட்டிருந்தது. பிழைக்க அவருக்கு மருந்து லாபமே வழியாயிற்று. 2025 மே முதல் தேதியிலிருந்து கிளினிக்குகளும் மருந்துக்கடைகளும் மருந்தின் விலையை எழுதிக் காட்டவேண்டுமென்று உத்தரவு வந்தபோது, சில நாளிலேயே வைத்தியர்கள் புத்ராஜெயாவில் ஊர்வலமாகத் திரண்டார்களே, ஏன்? விலை தெரிந்துவிட்டால் அறிவுக்குரிய கூலி எவ்வளவு, பொருளுக்குரிய லாபம் எவ்வளவு என்பது வெளியாகிவிடும். வைத்தியர் பயமும் மருந்தாளர் பசியும் ஒரே கிணற்றில் ஊறுகிற தண்ணீர். இருவருடைய அறிவுக்கும் தனியாக, நேராக, பொதுப் பணத்திலிருந்து கூலி கொடுத்துவிட்டால், எவர் அலமாரியிலிருந்து மாத்திரை போகிறது என்ற சண்டை பாதி அடங்கிவிடும்.

எதிர்ப்பாளர் சொல்லும் ஒரு குறை மட்டும் மெய்யானது. பதிவுச் சான்றிதழைச் சுவரில் மாட்டிவிட்டு மருந்தாளர் எங்கேயோ போய்விட, கல்லாவில் நிற்கிற பிள்ளை "தலைவலிக்கா? இதைச் சாப்பிடுங்கள், அண்ணே" என்று நீட்டுகிற கடைகளும் இருக்கின்றன. அத்தகைய கடைக்கு ஒரு சென்னும் கொடுக்கலாகாது. மருந்தாளர் தாமே நேரில் பார்த்து, நோயாளியின் அடையாள எண்ணோடு பதிந்து, ஆபத்தான குறி கண்டவிடத்து வைத்தியருக்குக் கடிதம் எழுதியனுப்பினால்தான் கூலி. பொய்க் கணக்கு எழுதினால் பட்டியலிலிருந்து நீக்கம். பொதுப் பணத்தோடு பொதுச் சோதனையும் வரும். இன்று எவ்விதச் சோதனையுமின்றி நடப்பதை ஒழுங்குக்குள் கொண்டுவர இதைவிடச் சுலபமான வழி எது?

எம்.சி. விஷயத்தை விட்டுவிட்டால் கிராணி என்ற முறையில் நான் கடமை தவறியவனாவேன். 1955ஆம் ஆண்டு வேலைச் சட்டப்படி, இரண்டு வருஷத்துக்குக் குறைவாக வேலைசெய்தவனுக்கு வருஷம் 14 நாளும், ஐந்து வருஷம் முடித்தவனுக்கு 22 நாளும் சம்பளத்தோடு நோய் விடுமுறை உண்டு. ஆனால் பதிவுபெற்ற வைத்தியரின் அத்தாட்சி வேண்டும். இதனால், ஒருநாள் படுத்தால் தீரும் சளிக்காரன்கூட அத்தாட்சிக்காக வைத்தியரிடம் ஓடுகிறான். என் மேசைக்கு வருகிற கிளினிக் பில்களில் எத்தனையோ, வைத்தியத்துக்காக வந்தவை அல்ல; ஒரு துண்டுக் காகிதத்துக்காக வந்தவை. ஒருநாள் விடுமுறைக்கு மருந்தாளர் கையெழுத்தையும் ஒப்புக்கொள்ளலாமென்றால் முதலாளிமார் துள்ளிக் குதிப்பார்கள் என்பதை அறிவேன். அவர்கள் குதிப்பதற்குள், அந்தப் பில்களுக்கும் தாங்களே பணம் கொடுக்கிறோமென்பதை ஒருமுறை கூட்டிப் பார்க்கட்டும்.

நம் தலைவர்மாரைப் பற்றியும் சொல்லவேண்டியிருக்கிறது. தேர்தலுக்குத் தேர்தல் தோட்டத்துக்கு வருகிறார்கள். மாலை போட்டுக்கொள்ளுகிறார்கள், கோவில் கூரைக்குத் தகரம் தருகிறார்கள், தீபாவளிக்கு அரிசி மூட்டையும் இனிப்புப் பெட்டியும் தருகிறார்கள். இனிப்பு நீரால் காலிழந்தவன் வீட்டுக்கு இனிப்புப் பெட்டி! அதற்கும் ஒரு புகைப்படம்! 2023 ஜூன் 15ஆம் தேதி மக்கள் சபை ஒப்புக்கொண்ட சுகாதார வெள்ளையறிக்கை, பதினைந்து வருஷத்தில் நோய்க்கு வைத்தியம் செய்யும் முறையை மாற்றி, நோய் வராமற் காக்கும் முறைக்குப் போகப்போவதாகச் சொல்லிற்று. அதில் தோட்டத்தானுக்கு என்ன பங்கு என்று எழுந்து கேட்டவர் எத்தனை பேர்? நம்மிடமும் குறையில்லாமலில்லை. ஒரு மருந்தாளர் இலவசமாகச் சொன்ன புத்தியைக் கேளாது, கைபேசியில் எவனோ அனுப்பிய பாகற்காய்ப் பொடிக்கு எண்பது வெள்ளி அனுப்புகிறவர்களை நான் அறிவேன். காசு கொடுத்து வாங்கியதில்தான் மதிப்பு என்ற எண்ணம் நமக்குள் ஊறிவிட்டது. அப்படியானால், மருந்தாளர் யோசனைக்கும் ஒரு விலை நிர்ணயித்து, அதைச் சர்க்கார் கொடுக்கிறது என்று தெரியட்டும்; நம்மவர் அதையும் மதிப்பார்கள்.

ஆகவே நாம் கேட்பது பெரிய காரியமன்று. சொக்சோவின் பரிசோதனையிலோ பெக்கா பி40 பரிசோதனையிலோ இனிப்பு நீர், இரத்தக் கொதிப்பு என்று கண்டறியப்பட்ட ஒவ்வொருவருக்கும், தம் வீட்டுக்கு அருகிலுள்ள பதிவுபெற்ற மருந்தாளரை மூன்று மாதத்துக்கு ஒருமுறை பார்க்கச் சீட்டு வேண்டும். தடவைக்கு 20 வெள்ளி என்றாலும் வருஷத்துக்கு 80 வெள்ளிதான். மடானித் திட்டம் குடும்பத்துக்குக் கட்டிய 250 வெள்ளி வரம்பில் மூன்றில் ஒரு பங்கு கூட ஆகவில்லை. சர்க்கார் வைத்தியர் எழுதிய மருந்தைச் சர்க்கார் கட்டணத்திலேயே அதே மருந்தாளரிடம் மாலையில் பெற்றுக்கொள்ளவும் வழி செய்யவேண்டும். அப்படிச் செய்தால் என் செக்ரோலில் ஆப்சென்ட் குறையும், முதலாளிக்கும் நஷ்டமில்லை. இன்று லயங்களில் நம்மைவிட அதிகமாக இருக்கும் வங்காளதேசத்தாரையும் இந்தோனேசியரையும் இதிலிருந்து விலக்கலாகாது. 2019 முதல் அவர்களும் சொக்சோவின் வேலை விபத்துக் காப்பில் வந்துவிட்டார்கள். ஒரே தண்ணீரைக் குடிக்கிறவர்களுக்குள் ஒருவன் நோயை மட்டும் கணக்கில் சேர்ப்பது நடக்காத காரியம்.

தொழிற்சங்கத்தார் தங்கள் அடுத்த மகாநாட்டில் இதை ஒரு தீர்மானமாகக் கொண்டுவந்து, சொக்சோவுக்கும் சுகாதார அமைச்சுக்கும் தனித்தனியே அனுப்பவேண்டும். பிறையிலுள்ள மருந்தாளர்களும், தங்கள் சங்கத்தின் வாயிலாகக் கூலியை மட்டும் கேட்டுக்கொண்டிராமல், தோட்டத்து ஆளுக்குக் கொடுக்கும் மருந்துப் பையின்மேல் இன்று முதலே தமிழிலும் எழுதத் தொடங்கலாம்: காலை 1, இரவு 1, சாப்பாட்டுக்குப் பின்.